நாடிழந்த செக் போர் விமானிகள்: நட்பும் காதல் போட்டியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனிலிருந்து பறந்த செக்கோஸ்லோவாக் போர் விமானிகளைப் பற்றிப் படிப்போரும், அவர்களை வைத்துக் கதை எழுத நினைப்போரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஒரே பெண்ணை விரும்பிய இரு நண்பர்கள் என்ற கதைதான் பெரும்பாலோரை இந்தப் பக்கம் இழுத்து வருகிறது. அந்தக் கதை நிற்கும் தரை எப்படிப்பட்டது என்று சொல்லவே இந்தப் பதில்கள்.

இவர்கள் எப்படி இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள்?

1938 செப்டம்பர் இறுதியில் கையெழுத்தான மியூனிக் ஒப்பந்தம், செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்குக் கொடுத்தது. 1939 மார்ச் 15 அன்று ஜெர்மன் படை பிராக் நகருக்குள் நுழைந்தது. நன்றாகப் பயிற்சி பெற்ற ஒரு விமானப்படை, போரிடவே வாய்ப்பில்லாமல் கலைக்கப்பட்டது. அந்த அவமானத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மனிதர்கள் பின்னால் செய்த பலவற்றுக்கும் காரணம் அங்கே இருக்கிறது.

பலர் இரவில் எல்லை தாண்டிப் போலந்துக்குப் போனார்கள். கிராக்கோவில் இருந்த செக்கோஸ்லோவாக் தூதரகம் அவர்களைப் பதிந்துகொண்டது. க்டினியா துறைமுகத்திலிருந்து கப்பலில் பிரான்ஸ். போர் இன்னும் தொடங்காததால் பிரெஞ்சுச் சட்டப்படி அந்நிய நாட்டவருக்கு ஒரே வழி, அந்நியர் படை எனப்படும் ஃபாரின் லீஜன். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். போர் மூண்டால் விமானப்படைக்கு மாற்றுவோம் என்பது வாக்குறுதி. போலந்தும் வீழ்ந்த பிறகு தப்பியவர்கள் ஹங்கேரி, யூகோஸ்லாவியா, பெய்ரூட் என்று சுற்றி வந்தார்கள். 1940 ஜூனில் பிரான்சும் விழுந்தது. கிடைத்த கப்பலில் ஏறிச் சிலரும், வட ஆப்பிரிக்கா, ஜிப்ரால்டர் வழியாகச் சிலரும் பிரிட்டன் சேர்ந்தார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று நாடுகள் கண்முன்னே சரிந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் பலர்.

எத்தனை பேர்? எந்தப் படைப்பிரிவுகள்?

பிரிட்டிஷ் விமானப்படையான ஆர்.ஏ.எஃப்.பில் பணியாற்றிய செக்கோஸ்லோவாக்குகள் சுமார் 2,500 பேர். இதில் தரைப்பணியாளர்களும் அடக்கம். பிரிட்டன் வான்போரில் பறந்தவர்கள் ஏறக்குறைய 90 பேர். போர் விமானப் பிரிவுகள் மூன்று. 310 ஸ்குவாட்ரன் 1940 ஜூலை 10 அன்று டக்ஸ்ஃபோர்டில் ஹரிகேன் விமானங்களோடு அமைந்தது. 312 அதே இடத்தில் ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி, லிவர்பூல் அருகே ஸ்பீக்குக்குப் போனது. 313 ஸ்பிட்ஃபயர் விமானங்களோடு 1941 மே மாதம் கேட்டரிக்கில் உருவானது. 311 குண்டுவீச்சுப் பிரிவு. அதன் கதை தனி.

எல்லோரும் இந்த மூன்றில்தான் இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். யோசெஃப் ஃப்ரான்டிஷெக் போலந்தின் 303 ஸ்குவாட்ரனில் பறந்தார். காரெல் குட்டெல்வாஷர் பிரிட்டிஷ் 1 ஸ்குவாட்ரனில் 18 விமானங்களை வீழ்த்தினார், அவற்றில் 15 இரவு வேட்டையில்.

ஆங்கிலம் தெரியாதவர்கள் எப்படிப் பறந்தார்கள்?

சிரமப்பட்டுத்தான். 310 பிரிவுக்கு டக்ளஸ் பிளாக்வுட் என்ற பிரிட்டிஷ் தளபதியும், அவருக்கு இணையாக அலெக்சாண்டர் ஹெஸ் என்ற செக் தளபதியும் இருந்தார்கள். ஹெஸ்ஸுக்கு அப்போது 42 வயது. போர் விமானிக்கு அது தாத்தா வயது.

மொழியைவிடக் கைப்பழக்கம்தான் முதலில் ஆளைக் கொல்லப் பார்த்தது. பல பிரெஞ்சு விமானங்களில் எஞ்சினுக்கு வேகம் கொடுக்க த்ராட்டிலைப் பின்னால் இழுக்க வேண்டும். ஹரிகேனில் முன்னால் தள்ள வேண்டும். பதற்றத்தில் கை பழையபடி இழுத்தால், தரையிறங்கும் கடைசி நொடியில் எஞ்சின் அடங்கிவிடும். வேகமானி கிலோமீட்டரிலிருந்து மைலுக்கும், உயரமானி மீட்டரிலிருந்து அடிக்கும், எரிபொருள் லிட்டரிலிருந்து காலனுக்கும் மாறின. செக் நாட்டு அவியா பி-534 இரட்டை இறக்கை விமானத்துக்குச் சக்கரங்கள் நிலையாகத் தொங்கிக்கொண்டே இருக்கும். அதில் மட்டும் பறந்து வந்தவருக்கு, இறங்குமுன் சக்கரத்தை விட வேண்டும் என்ற நினைப்பே பழக்கத்தில் இல்லை. ஹரிகேனில் சக்கரத்தை இயக்கும் நெம்புகோல் வலப்பக்கம். எழும்பியவுடன் விமானத்தைத் திருப்பும் கைப்பிடியான ஸ்டிக்கை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையால் அதை இயக்க வேண்டும்.

ரேடியோவுக்குச் சில டஜன் சொற்கள் போதும். 'வெக்டர்' என்றால் போக வேண்டிய திசை. 'ஏஞ்சல்ஸ் 15' என்றால் 15,000 அடி. 'பேன்கேக்' என்றால் இறங்கு. இவற்றை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் ஆபத்து வந்ததும் வாயில் வருவது தாய்மொழிதான். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் செக்கில் கத்தினால் தரைக் கட்டுப்பாட்டாளருக்கு ஒன்றும் புரியாது, அவருடைய உத்தரவும் யார் காதிலும் விழாது. இத்தனை தடை இருந்தும் ஆகஸ்ட் மூன்றாம் வாரமே 310 போருக்குத் தயார் என்று அறிவிக்கப்பட்டது, ஆறு வாரத்துக்குள்.

நட்பு ஏன் இவ்வளவு ஆழமாக இருந்தது?

நாடு இல்லை, வீட்டிலிருந்து கடிதம் இல்லை, சுற்றி இருப்பவர்களின் மொழி அரைகுறை. இது ஒரு பாதி. மறுபாதியை விமானம் பறக்கும் முறை தீர்மானித்தது.

1940இல் ஆர்.ஏ.எஃப். மூன்று விமானங்களை அம்பு முனைபோல் நெருக்கிப் பறக்கவைத்தது. பின்னால் வரும் இருவரும் தலைவனின் இறக்கையில் மோதாமல் இருப்பதிலேயே கண்ணை வைத்திருந்தார்கள். வானத்தைப் பார்ப்பது தலைவன் ஒருவன்தான். ஜெர்மானியர் இரண்டிரண்டாக, அகன்று பறந்தார்கள். பலர் செத்த பிறகு பிரிட்டிஷாரும் அந்த முறைக்கு வந்தார்கள். இணையில் முன்னவன் சுடுவான். இரண்டாமவன் ஏறத்தாழ 200 மீட்டர் தள்ளி, சற்றுப் பின்னால் பறந்து, முன்னவனின் முதுகைக் காப்பான். அவனுக்குச் சுடும் வாய்ப்பு அரிது, பெயரும் வராது. சூரியன் இருக்கும் பக்கத்தையும் பின்புறத்தையும் ஓயாமல் பார்த்துக் கழுத்துத் தோல் தேய்ந்துபோகும். பட்டுக் கழுத்துக்குட்டை கட்டியது அதற்காகத்தான், அலங்காரத்துக்கு அல்ல.

இன்னொருவனின் கண்ணை நம்பித்தான் இவன் குறிபார்க்க முடியும். ஹரிகேனின் எட்டு துப்பாக்கிகளிலும் சேர்த்துச் சுமார் 15 நொடி சுடும் குண்டுகளே உண்டு. ஸ்பிட்ஃபயர் ஐந்து-பி வகையில் பீரங்கிக்கு 60 குண்டு வீதம், ஆறு நொடியில் தீர்ந்துவிடும். அந்த ஆறு நொடியும் முன்னவன் குருடன்தான். தன் முதுகை ஒப்படைத்தவனோடு உண்டாகும் உறவு சாதாரண சிநேகம் இல்லை.

பிரான்சில் ஒரே படைப்பிரிவில் பறந்த அலோயிஸ் வஷாட்கோவும் ஃப்ரான்டிஷெக் பெர்ஷினாவும் இங்கிலாந்திலும் 312இல் சேர்ந்தே இருந்தார்கள். எக்ஸிடரில் மூன்று செக் பிரிவுகளையும் சேர்த்து வழிநடத்திய வஷாட்கோ, 1942 ஜூன் 23 அன்று ஆங்கிலக் கால்வாய் மீது ஜெர்மன் ஃபோக்கெ-வுல்ஃப் போர் விமானம் ஒன்றோடு மோதி இறந்தார்.

ஒருவர் ஆபீசர், இன்னொருவர் சார்ஜன்ட் என்றால் நட்பு நிலைத்ததா?

வானத்தில் சிக்கல் இல்லை, தரையில்தான் சிக்கல். தாயகத்தில் வகித்த பதவி பலருக்கு இங்கே கிடைக்கவில்லை. அதிகாரியாக இருந்தவர்கள் மிகக் கீழான அதிகாரிப் பதவியிலிருந்து தொடங்கினார்கள், மற்றவர்கள் சார்ஜன்ட். காலையில் ஒன்றாகப் பறந்துவிட்டு இறங்கியதும் ஆபீசர் ஒரு மெஸ்ஸுக்கும் சார்ஜன்ட் இன்னொரு மெஸ்ஸுக்கும் சாப்பிடப் போக வேண்டும். தங்குமிடம், மது அருந்தும் இடம், அழைக்கப்படும் விருந்துகள் எல்லாமே பிரிந்திருந்தன. வயதில் மூத்த ஆபீசரும், அவரிடமே பறக்கப் பழகிய இளம் சார்ஜன்டும் என்ற இணை கதைகளில் அடிக்கடி வரக் காரணம் இதுதான். காதல் போட்டி வரும்போது இந்தப் பிளவு கூர்மையாகிவிடும்: உள்ளூர்ப் பெரிய வீடுகளின் கதவு ஆபீசருக்குச் சுலபமாகத் திறக்கும்.

பெண்களை எங்கே சந்தித்தார்கள்?

மூன்று இடங்கள் முக்கியம். முதலாவது விமானதளமே. 'வாஃப்' எனப்படும் மகளிர் துணைப்படையினர் அங்கே தொலைபேசி இயக்கினார்கள், பாராசூட் மடித்தார்கள், வாகனம் ஓட்டினார்கள், கட்டுப்பாட்டு அறை மேசையில் எதிரி விமானங்களின் நகர்வைக் குறித்தார்கள். இரண்டாவது ஊர் நடன அரங்கும் மதுக்கடையும். மூன்றாவது, வெளிநாட்டு விமானிகளை ஞாயிறு தேநீருக்கு அழைத்த குடும்பங்கள். மூன்றாவதை எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். வீட்டு வாசனையே மறந்துபோன இளைஞனுக்கு ஒரு சமையலறை மேசையும், உருளைக்கிழங்கு பரிமாறும் ஒரு தாயும் அந்த வீட்டுப் பெண்ணுக்கு முன்னாலேயே மனத்தைக் கவர்ந்துவிடுவார்கள்.

ஒரே பெண்ணை இருவர் விரும்புவது நம்பும்படியான கதையா?

முழுக்க நம்பலாம், சூழ்நிலையே அதற்குத் தோதாக இருந்தது. சிறிய ஊர், ஒரே வயது ஆண்கள் ஏராளம், ஒன்றாகவே வெளியே போகும் பழக்கம். ஒருவன் அறிமுகம் செய்துவைக்கும் பெண் எல்லோருக்கும் தெரிந்தவளாகிவிடுவாள். ஆங்கிலம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தவன் நண்பனுக்காகப் பேசப் போனால், பேசுகிறவன் பக்கமே அவள் கவனம் திரும்பிவிடலாம்.

எந்த நேரத்தில் பிளவு வரும் என்பதையும் கவனியுங்கள். இடமாற்றம் வரும்போது. டக்ஸ்ஃபோர்டில் ஏறத்தாழ ஓராண்டு இருந்த 310, 1941 கோடையில் ஸ்காட்லாந்தின் டைஸுக்கும், அந்த ஆண்டு முடிவில் கார்ன்வாலின் பெரன்போர்த்துக்கும், 1942 மே மாதம் எக்ஸிடருக்கும் போனது. கேம்பிரிட்ஜ் பக்கத்துப் பெண்ணுக்கும் கார்ன்வாலில் இருக்கும் விமானிக்கும் இடையே ஒரு நாள் ரயில் பயணம். 48 மணி நேர விடுப்பில் போய்த் திரும்பினால் பாதி ரயிலிலேயே தீர்ந்துவிடும். காயம்பட்டு மருத்துவமனையில் கிடந்தவன், பயிற்றுநராகப் பின்னால் அனுப்பப்பட்டவன் ஆகியோர் ஊரிலேயே இருப்பார்கள். முன்னணியில் இருப்பவன் தூரத்தில் இருப்பான். அருகில் இருந்தவனுக்குச் சாதகம் என்பது எளிய கணக்கு.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பெண்ணை இரு ஆண்களுக்கு நடுவே வைத்த பரிசுப்பொருள் ஆக்காதீர்கள். அவளும் குண்டுவீச்சில் வாழ்ந்தாள், வேலை பார்த்தாள், சொந்தத்தில் யாரையோ இழந்திருந்தாள். நாளை இருப்பானா என்று தெரியாத ஒருவனுக்கு 'சரி' சொல்வதில் அவள் எடுத்த ஆபத்தும் பெரியது.

கணவன் போரில் காணாமல்போன பெண்ணை ஒருவர் விரும்பினால் சட்டம் என்ன சொன்னது?

இங்கே இரண்டு தனிக் கணக்குகள் உண்டு, இரண்டையும் கலக்கிவிடுகிறார்கள். படைத்துறை, காணாமல்போனவரைப் பற்றி ஆறு மாதம் வரை செய்தி இல்லையென்றால், அலுவல் நோக்கில் இறந்தவராகக் கொள்வது வழக்கம். மனைவிக்கு விதவை ஓய்வூதியம் தொடங்கும். ஆனாலும் அவர் ஏதோ ஒரு கைதி முகாமில் உயிரோடு இருந்தால்? ஜப்பானியரிடம் சிக்கியவர்களைப் பற்றி நெடுநாள் செய்தியே வராமல் இருந்ததுண்டு. படைத்துறையின் அறிவிப்பு இல்லாவிட்டால், 1937 திருமணச் சட்டத்தின்படி ஏழாண்டுத் தொடர் மறைவைக் காட்டி, இறந்ததாகக் கருதி மணத்தை முறிக்கக் கோரலாம். நடுவில் இருக்கும் காலம் யாருக்கும் சொந்தமில்லாத காலம். கணவன் ஒருநாள் கதவைத் தட்டினால் சட்டமும் ஊரும் அவன் பக்கம்தான் நிற்கும்.

ஊரில் மனைவியை விட்டுவந்தவர்கள் என்ன செய்தார்கள்?

இதுதான் மிகவும் வலிக்கும் கேள்வி. பெர்ஷினா, தப்பிப்பதற்குச் சற்று முன்புதான் அன்னாவை மணந்தார். அவர் பிரிட்டனில் பறந்தபோது அன்னா மொராவியாவில் உள்ள ஸ்வட்டோபோர்ஷிட்சே முகாமில் அடைக்கப்பட்டார். வெளிநாட்டில் போரிடுகிறவர்களின் பெற்றோர், மனைவி, உடன்பிறந்தோரை 1942 முதல் நாஜிகள் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். இருவரும் மறுபடி சந்தித்தது 1945இல். விமானப்படைத் தலைவர் காரெல் யனோஷெக்குக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. அவர் மனைவி ஆஷ்விட்ஸில் இறந்தார்.

செஞ்சிலுவைச் சங்கம் வழியாக 25 சொற்களுக்குள் செய்தி அனுப்ப வழி இருந்தது. அனுப்பினால் மகன் பிரிட்டனில் இருக்கிறான் என்று நாஜி ரகசியப் போலீசான கெஸ்டப்போவுக்குத் தெரிந்துவிடும் என்பதால் பலர் வாய்மூடி இருந்தார்கள். நாளிதழ்களில் பெயரும் படமும் வராமல் பார்த்துக்கொண்டதும் இதற்காகவே. அப்படியானால், நான்காண்டு ஒரு வரிகூட வராத மனிதன் இன்னொரு பெண்ணை விரும்பினால் அது துரோகமா? நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. சட்டப்படி மறுமணம் முடியாது, அது இருமணக் குற்றம். தேவாலயத்தில் திருமண அறிவிப்புப் படித்தால் தெரிந்த நண்பனே எழுந்து தடுக்கலாம். நண்பனுக்கு உண்மை தெரியும், காதலிக்குத் தெரியாது என்ற நிலையில்தான் பல நட்புகள் சோதிக்கப்பட்டிருக்கும்.

தரையில் இருந்த பகை வானத்துக்கும் போகுமா?

வேண்டுமென்று நண்பனைக் கைவிடுவது என்பது நாடகத்துக்கு ஏற்றது. உண்மையான ஆபத்து சிறியதும் மெல்லியதுமானது. இணை விமானிகள் தேநீர் நேரத்தில் பேசிக்கொள்வது வெறும் அரட்டை இல்லை. நீ எந்தப் பக்கம் திரும்புவாய், நான் எங்கே இருப்பேன் என்பது அங்கேதான் முடிவாகும். பேச்சு நின்றுபோனால், திருப்பத்தில் இரண்டாமவன் இரண்டு நொடி பிந்துவான். இரண்டு நொடியில் எதிரி பின்னால் வந்து ஒட்டிக்கொள்வான். கோபத்தில் தான் வீழ்த்திய விமானங்களின் எண்ணிக்கையைக் கூட்ட நினைத்துத் தனியே பாய்பவனும் இணையை உடைக்கிறான்.

தளபதிக்குத் தெரிந்தால் மருந்து எளிது: வேறு பிரிவுக்கு மாற்றுவது, வேறு இணையில் போடுவது, அல்லது பயிற்றுநர் வேலைக்கு அனுப்புவது. சண்டைக்காலம் முடிந்தவர்களுக்கு ஓய்வுப் பணி எப்படியும் உண்டு என்பதால் யாருக்கும் கௌரவக் குறைவு வராது.

நண்பன் கடலில் விழுந்தால் மேலே பறப்பவன் என்ன செய்ய முடியும்?

1940இல் மிகக் குறைவு. 'மே வெஸ்ட்' எனப்படும் மிதவைச் சட்டை மட்டும்தான். குளிர்காலக் கால்வாய் நீரில் அதை நம்பி ஒரு மணி நேரம் தாங்கினாலே பெரிது. பிறகு 'கே' வகை ஒற்றையாள் டிங்கி, அதாவது ஊதுபடகு வந்தது. பாராசூட்டோடு சேர்த்து இருக்கையில் விமானி அதன் மேலேயே உட்கார்ந்திருப்பார்.

குதித்தவன் செய்ய வேண்டியவை வரிசையாக: டிங்கியின் கயிறு மே வெஸ்ட்டில் கொக்கி போட்டிருக்கிறதா என்று இறங்கும்போதே தொட்டுப் பார்க்க வேண்டும். கால் நீரைத் தொட்டதும் பாராசூட்டின் வட்டப் பூட்டைத் திருப்பி அழுத்தி விடுவிக்க வேண்டும். முன்னதாக விடுவித்தால் உயரம் தப்பாகக் கணித்துச் சாவான். தாமதித்தால் காற்று பாராசூட்டை இழுத்துக்கொண்டுபோய் மூழ்கடிக்கும். கொக்கி போட மறந்திருந்தால் பாராசூட்டோடு டிங்கியும் போய்விடும். பிறகு வாயுக் குப்பியைத் திறந்து, ஊதிய படகின் குறுகிய முனை வழியாக ஏறி, நீரை இறைத்து, சாயத்தைக் கரைத்துக் கடலில் பச்சைத் திட்டு உண்டாக்க வேண்டும்.

மேலே இருப்பவனின் முதல் வேலை கீழே இறங்கி வட்டமிடுவது அல்ல, உயரம் ஏறுவது. தாழ்ந்தால் ரேடியோ அலை கரைக்கு எட்டாது. உயரத்தில் தொடர்ந்து பேசினால் கரை நிலையங்கள் திசை அளந்து இடத்தைக் கணக்கிடும். அதன்பின் கீழே வந்து நண்பனைக் கண்ணில் வைத்திருக்கலாம், எரிபொருள் விடும்வரை. ஸ்பிட்ஃபயர் ஐந்தில் மொத்தம் 85 காலன். பிரான்ஸ் போய்த் திரும்பும் வழியில் மிச்சம் சொற்பம். இருபது நிமிடம் வட்டமிட்டவனும் அதே கடலில் விழ நேரிடும்.

தன் டிங்கியை நண்பனுக்கு எறிய முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். மனத்தைத் தொடும் காட்சிதான், செய்து பாருங்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பொதி அவன் உட்கார்ந்திருக்கும் இருக்கையில், பாராசூட் வாரோடு பிணைந்திருக்கிறது. வாரை அவிழ்த்து, உடம்பைத் தூக்கி, ஒரு கையால் இழுத்து, திறந்த கூரை வழியாகத் தள்ள வேண்டும், மறுகையில் ஸ்டிக். சரியான இடத்தில் விழ, தாழ்ந்தும் மெதுவாகவும் பறக்க வேண்டும். மணிக்கு 70 மைலை நெருங்கும்போது ஸ்பிட்ஃபயர் இறக்கை தாங்கும் சக்தியை இழந்துவிடும். ஐம்பது அடி உயரத்தில் அப்படி நேர்ந்தால் மீட்க இடமே இல்லை. அவிழ்த்த வாரோடு அவனால் குதிக்கவும் முடியாது. யாரேனும் அதைச் செய்தால், சாகலாம் என்று தெரிந்தே செய்கிறான்.

இறந்தவனின் கடிதங்கள் என்னவாகும்?

பிரிவில் இறந்தவர் உடைமைகளைப் பார்க்க ஒரு குழு இருந்தது. கடன் தீர்ப்பார்கள், சீருடைப் பொருளைத் திருப்பிக்கொடுப்பார்கள், குடும்பத்தைப் புண்படுத்தும் கடிதங்களையும் படங்களையும் எடுத்துவிடுவார்கள். மணமானவனின் பெட்டியில் இன்னொரு பெண்ணின் கடிதம் இருந்தால் அது வீட்டுக்குப் போகாது. செக் விமானிகள் விஷயத்தில் வீடு எதிரி பிடியில் இருந்ததால் பொருட்கள் போர் முடியும்வரை காத்திருந்தன. எனவே ஒரு கடிகாரமோ புகைப்படமோ நண்பன் கைக்கு வருவது வெறும் கற்பனை அல்ல.

ஃப்ரான்டிஷெக் காதலிக்கு வித்தை காட்டப்போய் இறந்தார் என்பது உண்மையா?

1940 செப்டம்பர் மாதம் முழுவதிலுமாக 17 விமானங்களை வீழ்த்திய யோசெஃப் ஃப்ரான்டிஷெக், அக்டோபர் 8 அன்று ரோந்து முடிந்து திரும்பும்போது கூட்டத்தை விட்டு விலகி, சர்ரி மாவட்டத்தின் ஈவெல்லில் விழுந்து இறந்தார். அருகில் இருந்த காதலிக்காகத் தாழப் பறந்தார் என்றொரு பேச்சு நெடுநாளாக உலவுகிறது. களைப்பு என்பது இன்னொரு விளக்கம். எதற்கும் ஆதாரம் கிடையாது. ஒரு மாதம் நாள்தோறும் போருக்குப் போனவனின் உடம்பைப் பற்றிப் பேசாமல் காதலைப் பற்றி மட்டும் பேசுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

பிடிபட்டால்?

ஜெர்மானியர் பார்வையில் இவர்கள் போர்க்கைதிகள் மட்டும் அல்ல, தேசத்துரோகிகள். 312 ஸ்குவாட்ரனின் இவோ டோண்டரும் பெட்ர்ஷிக் த்வோர்ஷாக்கும் 1944 மார்ச்சில் ஸ்டாலாக் லுஃப்ட் மூன்று முகாமில் தோண்டிய சுரங்கம் வழியாகத் தப்பினார்கள். பிடிபட்டும் உயிர் பிழைத்தார்கள். அதே சுரங்கம் வழியாகத் தப்பிப் பிடிபட்டுச் சுட்டுக்கொல்லப்பட்ட ஐம்பது பேரில் 311இன் அர்னோஷ்ட் வலென்டா ஒருவர். 1942 மே 5 அன்று வீழ்த்தப்பட்ட ஃப்ரான்டிஷெக் ஃபய்ட்ல் பிடிபடவே இல்லை; பிரான்ஸ், ஸ்பெயின் வழியாகத் திரும்பி வந்தார்.

பிரிட்டிஷ் பெண்ணை மணந்தால் அவளுக்கு என்ன ஆகும்?

அந்நிய நாட்டவனை மணந்து, அந்த மணத்தாலேயே அவன் குடியுரிமை கிடைத்தால், அன்றைய சட்டப்படி அவள் பிரிட்டிஷ் குடியுரிமையை இழப்பாள். பிறந்த ஊரிலேயே போலீசில் அந்நியர் என்று பதிய வேண்டி வரும். 1949 ஜனவரி 1 முதல்தான் இது மாறியது. போர் முடிந்து பலர் கணவனோடு செக்கோஸ்லோவாக்கியா போனார்கள். 1945 அக்டோபர் 5 அன்று பிராகுக்குப் புறப்பட்ட 311இன் லிபரேட்டர் விமானம் ஹாம்ப்ஷயரில் எல்வெதம் அருகே விழுந்தது. பெண்கள், குழந்தைகள் உட்பட 23 பேர் இறந்தார்கள். போர் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

வீடு திரும்பியவர்களை ஏன் சிறையில் போட்டார்கள்?

1945 ஆகஸ்ட் 13 அன்று அவர்களுடைய ஸ்பிட்ஃபயர்கள் பிராகில் இறங்கியபோது வரவேற்பு பலமாகவே இருந்தது. 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த பிறகு, மேற்கில் போரிட்டது குற்றமாயிற்று. படையிலிருந்து நீக்கினார்கள், வீட்டை விட்டு வெளியேற்றினார்கள், கைது செய்தார்கள். ஃபய்ட்ல் விசாரணையே இல்லாமல் 17 மாதம் மீரோவ் கோட்டைச் சிறையில் இருந்தார். யனோஷெக் தப்ப முயன்று பிடிபட்டு, 1960 வரை உள்ளே இருந்தார். பெர்ஷினா 1949இல் மனைவியோடு சிறு விமானத்தில் மேற்கு ஜெர்மனிக்குத் தப்பினார். 1950 மார்ச்சில் முன்னாள் ஆர்.ஏ.எஃப். விமானிகள் மூன்று டக்கோட்டா பயணிகள் விமானங்களை மியூனிக் அருகே எர்டிங்கில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

பழைய நட்புக்குக் காதல் போட்டியைவிடப் பெரிய சோதனை இதுதான் என்பது எங்கள் கருத்து. ரகசியப் போலீஸ் நண்பனைப் பற்றித் தகவல் கேட்டது. மறுத்தால் பிள்ளையின் படிப்பு போகும், மனைவியின் வேலை போகும். ஒரு பெண்ணை விட்டுக்கொடுக்காதவர்கள் நண்பனைக் காட்டிக்கொடுக்காமல் இருந்ததும் உண்டு. கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த 1989க்குப் பிறகே பதவிகளும் மரியாதையும் திரும்பின.

கதை எழுதுவோர் அடிக்கடி செய்யும் பிழைகள்?

1940இல் 310 ஸ்குவாட்ரனுக்கு ஸ்பிட்ஃபயர் கொடுப்பது; அவர்களிடம் இருந்தவை ஹரிகேன். நிமிடக்கணக்கில் சுடவைப்பது. செக் பிரிவுகளில் பிரிட்டிஷ் அதிகாரிகளே இல்லாததுபோல் எழுதுவது. காதலர்கள் தொலைபேசியில் பறப்புத் திட்டம் பேசுவது: தளத்தின் வெளி இணைப்புகள் செயல்பாட்டு நாளில் துண்டிக்கப்படலாம், பேசினால் ராணுவக் குற்றம். இவற்றைவிடப் பெரிய பிழை, 1945 மே மாதத்தோடு கதையை முடித்துவிடுவது.

இன்று எங்கே போய்ப் பார்க்கலாம்?

டக்ஸ்ஃபோர்டில் பழைய தளம் இப்போது விமான அருங்காட்சியகம். லண்டனுக்குத் தென்மேற்கே புரூக்வுட் ராணுவக் கல்லறையில் செக்கோஸ்லோவாக் பகுதி தனியாக உண்டு. யோசெஃப் ஃப்ரான்டிஷெக்கின் கல்லறை நார்த்வுட்டில், போலந்து விமானிகளோடு. பிராகில் க்லாரோவ் சதுக்கத்தில் 2014இல் திறந்த சிறகுள்ள சிங்கச் சிலை, அங்கே வாழும் பிரிட்டிஷாரின் முயற்சியில் வைக்கப்பட்டது. 310 பிரிவில் பறந்த எமில் போச்செக், 2023 மார்ச்சில் தம் நூறாம் வயதில் மறைந்தார், ஆர்.ஏ.எஃப்.பில் பறந்த செக் போர் விமானிகளில் அவரே கடைசியாக இருந்தவர். எனவே நேரில் கேட்க இனி யாரும் இல்லை, ஆவணங்களும் நினைவுக் குறிப்புகளும்தான். மீரோவ் கோட்டை இன்றும் சிறைச்சாலையாகவே இயங்குகிறது; வெளியிலிருந்து மட்டும் பார்க்கலாம்.